கதவிடுக்கில் ஒட்டிய எண்

திருமயம் கோட்டையின் வடக்கு மதிலோரம் கோட்டை பைரவர். பக்கத்திலேயே நெடுஞ்சாலை. புதுக்கோட்டையிலிருந்து வரும் வண்டிகள் இங்கே வேகம் குறைக்கின்றன. லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார். பேருந்து ஜன்னல்களில் வரிசையாகக் கைகள் குவிகின்றன.

ஓரத்தில் ஒரு புதுக் கார். இருக்கைகளின் பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பானட்டில் சந்தனம், குங்குமம், மாலை. டயரின் பக்கவாட்டில் ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடும் பரப்பில் தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் கோடு, தேய்ந்தும் தேயாமலும்.

நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். மகன் குனிந்து வைக்கிறான். டயர் சரியாக ஏறுமா என்று ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்திப் பார்க்கிறான். அப்பா ஓட்டுநர் இருக்கையில். கதவு திறந்தே இருக்கிறது. கதவைச் சாத்தினால் மறைந்துவிடும் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். டயரின் அளவு, காற்றின் அளவு. முன் 33. பின் 33. ஆளும் சுமையும் நிறைந்தால் பின் 36.

அம்மா தேங்காய் உடைந்த விதத்தைப் பார்க்கிறார். மகன் செல்போன் திரையைப் பார்க்கிறான். கார் ஓரடி நகர்கிறது. பழங்கள் நசுங்குகின்றன. கதவு சாத்தப்படுகிறது.

காரைக்குடிச் சாலையில் சற்றுத் தள்ளி டயர் கடை. தகரக் கூரை. முன்னால் ஊன்றிய கம்பத்தில் வெள்ளையடித்த பழைய லாரி டயர் தொங்குகிறது. உள்ளே இரும்புத் தட்டுகளில் எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே. தரையில் சிவப்புக் கம்ப்ரசர். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது.

கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் காற்று பார்க்கும் கேஜ். உதவிக்கு ஒரு பையன், இருபது வயது இருக்கும்.

சுவரில் டயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பலசாலியின் காலண்டர். அந்த நிறுவனம் 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கியது. டயர் செய்ய ஆரம்பித்தது 1961-ல். இன்று அதன் தொழிற்சாலை ஒன்று பெரம்பலூர் அருகிலேயே இருக்கிறது. காலண்டரில் வைகாசி மாதத் தாள். சில தேதிகளைச் சுற்றிப் பேனா வட்டம். வட்டத்துக்குள் வண்டி எண்கள்.

வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்று ஜாக்கியில் நிற்கிறது. பொன்னமராவதிக்காரருடையது. முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. பையன் ஈரத் துணியால் பக்கவாட்டைத் துடைக்கிறான். மண் விலக எழுத்துகள் வெளியே வருகின்றன. 165/80 R14 85T.

165 டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். R என்றால் ரேடியல். 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 எடைக் குறியீடு. இந்த ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். T வேகக் குறியீடு. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை.

பொன்னமராவதி சாலையில் யாரும் 190-ல் போவதில்லை. ஆனாலும் அந்த எழுத்தைக் கார் நிறுவனம் கேட்டு வாங்கியிருக்கிறது. வேகம் ஏற ஏற டயர் சூடாகும். எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அந்த ஒற்றை எழுத்துக்குள் அடக்கம்.

"கம்பெனில வந்த அதே டயரே போட்டுருங்கண்ணே."

கடைக்காரர் தேய்ந்த டயரின் பெயரைப் படிக்கிறார். தட்டிலிருந்து அதே பெயருள்ளதை இறக்கச் சொல்கிறார். இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்துகிறார். நிறுவனம் ஒன்று, அளவு ஒன்று. பட்டன், அதாவது ஓடும் பரப்பின் மேடு பள்ளம், கொஞ்சம் வேறு மாதிரி.

"அது காரோட வந்தது. இது கடைக்கு வந்தது."

பொன்னமராவதிக்காரர் இரண்டையும் மாறி மாறித் தடவுகிறார். விரலில் கரி ஒட்டுகிறது.

காரோடு வரும் டயரின் வேலை, கார் சாலைக்கு வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்போது கார் களிமண் மாதிரியாகத்தான் இருக்கும். வடிவமைப்பாளர் பெரிய சக்கரம் கேட்கிறார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. பொறியாளர் எடையோடு வருகிறார். காரின் எடை, ஐந்து பேர் எடை, டிக்கியில் ஏறும் சாமான் எடை. அதை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கிறார். எடைக் குறியீடு அங்கே பிறக்கிறது. வண்டியின் உச்ச வேகத்திலிருந்து வேகக் குறியீடு. முழுதாக ஒடித்தால் சக்கரம் எங்கும் உரசக் கூடாது. மைலேஜ் குறையக் கூடாது. விலை ஏறக் கூடாது.

மைலேஜ்தான் பெரிய நெருக்கடி. ஓடும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, விலகியதும் நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் சக்தி சூடாகிப் போகிறது. பெட்ரோலில் ஒரு பங்கு அப்படிக் கரைகிறது. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு 2017-18 முதல் மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2022-23 முதல் வரம்பு இன்னும் இறுகியது. எஞ்சினில் மிச்சம் பிடிப்பதைவிட டயரில் மிச்சம் பிடிப்பது மலிவு. அதனால் எளிதாக உருளும் டயர் கேட்கிறார்கள்.

எளிதாக உருளும் ரப்பர் ஈரச் சாலையில் பிடி தளரலாம். பிடியைக் கூட்டினால் சீக்கிரம் தேயலாம். தேயாமல் உழைக்கும் ரப்பர் இரைச்சல் போடலாம். எல்லாவற்றையும் ஒரு டயரில் கொண்டுவர முடியும், விலை எகிறும். டயர் நிறுவனங்கள் மாதிரிகளை அனுப்புகின்றன. கார் நிறுவனம் திருப்பி அனுப்புகிறது. மறுபடி மாதிரி. மறுபடி சோதனை.

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம். இந்தூர் அருகே பீதம்பூரில் 2021-ல் திறந்த 11.3 கிலோமீட்டர் அதிவேகத் தடம். இப்படிப்பட்ட தடங்களில்தான் கார்களும் டயர்களும் சோதிக்கப்படுகின்றன. நனைத்த தரையில் பிரேக் அடிக்கிறார்கள். எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். பள்ளத்தில் இறக்குகிறார்கள். சாலையோரம் ஒலிவாங்கி வைத்துச் சத்தம் பிடிக்கிறார்கள். கடைசியில், தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் ஓட்டிப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார். இத்தனை கருவி இருந்தும் அந்த மனிதரின் உள்ளங்கையும் முதுகும் சொல்வதற்குத் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. ஈரப் பிடி, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் 2022-ல் மத்திய அரசே வரம்பு விதித்தது.

தேர்வில் ஜெயிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு டயர் அல்ல. இரண்டு மூன்று நிறுவனங்கள் ஒப்புதல் பெறுகின்றன. ஒரு நிறுவனத்தில் வேலைநிறுத்தம் வந்தாலும் கார் தொழிற்சாலை நிற்கக் கூடாது. அதனால் ஒரே நாள், ஒரே நிறம், ஒரே விலை கொடுத்து வாங்கிய இரண்டு கார்களில் இரண்டு கம்பெனி டயர். வாங்குபவர் நிறம் கேட்டு வாங்கலாம். டயர் கேட்டு வாங்க வழியில்லை. வாரண்டி அட்டையிலும் டயருக்குத் தனி வழி. குறை இருந்தால் டயர் நிறுவனத்திடம் போக வேண்டும்.

பொன்னமராவதிக்காரர் புது டயருக்குத் தலையசைத்துவிட்டார். பையன் பழையதைக் கழற்றுகிறான். கடைக்காரர் பின் சக்கரங்களையும் கழற்றச் சொல்கிறார்.

"அது நல்லாத்தான இருக்கு?"

"அத முன்னால போடுவோம். புதுச பின்னால."

"இழுக்குறது முன் சக்கரம்ணே."

"மழையில முன்ன வழுக்குனா ஸ்டியரிங்ல தெரியும். பின்ன வழுக்குனா தெரியாது. தெரியறப்ப வண்டி திரும்பிருக்கும்."

டயர் நிறுவனங்களும் பல கார்க் கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன. பொன்னமராவதிக்காரர் வெளியே பார்க்கிறார். வானத்தில் மேகம் இல்லை. சரி என்கிறார்.

மதியம். கோட்டைக் குன்று வெயிலை வாங்கி ஊர்மேல் திருப்பி விடுகிறது. தகரம் சடசடக்கிறது.

கறுப்பு ஸ்விஃப்ட் ஒன்று வருகிறது. அரிமளத்துப் பையன்கள் மூன்று பேர். இது உயர்ந்த ரகம்; 185/65 R15. செல்போனில் ஒரு படம் காட்டுகிறார்கள். அதே கார், உயர்ந்து, அகன்ற சக்கரத்தில் நிற்கிறது.

"டூ நாட் ஃபைவ் போடணும்ணே. 205/65. ரிம் இதே இருக்கட்டும்."

கடைக்காரர் சாக்பீஸ் எடுக்கிறார். சிமெண்ட் தரையில் குந்துகிறார். டயர் உருட்டி வழவழத்த தரை. எண்கள் வெள்ளையாக விழுகின்றன.

185-ல் 65 சதவீதம் 120.25. மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். கூட்டினால் 621.5.

205-ல் 65 சதவீதம் 133.25. இரட்டித்து 266.5. அதே 381. கூட்டினால் 647.5.

"இருபத்தாறு மில்லிமீட்டர் கூடுது."

"ஒரு இஞ்ச்தான? ஹைட் நல்லாருக்கும்ணே."

கடைக்காரர் மூன்றாவது கணக்குப் போடுகிறார். காலையில் வந்த சாதாரண ரகம். 165-ல் 80 சதவீதம் 132. இரட்டித்து 264. ரிம் 14 அங்குலம், 355.6. கூட்டினால் 619.6.

சாக்பீஸ் முனை 621.5-க்கும் 619.6-க்கும் நடுவில் நிற்கிறது. கார் கம்பெனி ஒரே காருக்கு இரண்டு அளவு கொடுத்திருக்கிறது. அகலம் வேறு, ரிம் வேறு, விலை வேறு. மொத்த விட்டத்தில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வேகம் காட்டும் முள், பிரேக், கியர் எல்லாம் அந்த விட்டத்துக்குக் கணக்கிட்டவை. சக்கரம் 26 மில்லிமீட்டர் வளர்ந்தால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் போகும்.

மூவரில் ஒருவன் மட்டும் தரையில் குனிந்து கூட்டலைச் சரிபார்க்கிறான். மற்ற இருவர் காரைச் சுற்றி வருகிறார்கள்.

"பதினாறு இஞ்ச் அலாய் போட்டா?"

195/55 R16. மறுபடி சாக்பீஸ். 107.25, இரட்டித்து 214.5, ரிம் 406.4. கூட்டினால் 620.9. விட்டம் பொருந்துகிறது. பையன்கள் முகம் மலர்கிறது. கடைக்காரர் 120-ஐயும் 107-ஐயும் வட்டமிடுகிறார். பக்கவாட்டில் 13 மில்லிமீட்டர் ரப்பர் குறைகிறது. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பர்தான்.

"அரிமளம் ரோட்டுக்கு நீங்களே பாத்துக்குங்க தம்பி."

யோசித்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்கள். கூட்டலைச் சரிபார்த்தவன் தரையைப் படம் பிடித்துக்கொள்கிறான்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு இன்னோவா. மஞ்சள் பலகை. மேலே கேரியரில் பெட்டிகள், நீல வலை போட்டுக் கட்டியவை. உள்ளே சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பம். தேவகோட்டை போக வேண்டும். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி இறங்கவில்லை.

ஓட்டுநர் இறங்கி வருகிறார். "காத்து மட்டும் பாருங்கண்ணே."

கேஜ் வால்வில் பொருந்துகிறது. நிழல் பக்கம் 38. வெயில் பட்ட பக்கம் 39.

"முப்பத்தி மூணுக்கு எறக்கிருங்க. அடிக்கிற வெயிலுக்கு வெடிச்சிரும்."

கடைக்காரர் புறங்கையை டயரில் வைக்கிறார். உடனே எடுத்துவிடுகிறார்.

"காலைல கெளம்புறப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தி மூணு. நானே வச்சேன்."

"அப்ப சரியாத்தான இருக்கு."

"இப்ப கூடியிருச்சேண்ணே."

"ஓடி வந்த டயரு. ஆறுனா தானா எறங்கும்."

திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர். ஏழு பேர், பெட்டிகள், வைகாசித் தார். உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. நான்கைந்து பாயிண்ட் ஏறுவது இயல்பு. கார் நிறுவனம் எண்ணைத் தீர்மானிக்கும்போதே இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறது. கதவுத் தூணில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. குளிர்ந்த நிலையில் என்று ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில்.

இப்போது 33-க்கு இறக்கினால் நாளைக் காலையில் 28 இருக்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கும். கூடுதலாகச் சூடாகும். வெடிக்கக் கூடாது என்று இறக்கிய காற்றே வெடிக்க வழி செய்யும்.

"நெசமாவாண்ணே?"

"டீ குடிச்சிட்டு ஒரு மணி நேரம் நிழல்ல போடுங்க. அப்பறம் பாருங்க."

ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். கண்ணாடிக்குள் யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். ஒரு மணி நேரம் கிடையாது. கடைக்காரர் கேஜைப் பைக்குள் செருகுகிறார். காசு வாங்கவில்லை. இன்னோவா 38, 39-ஓடு காரைக்குடிச் சாலையில் ஏறுகிறது. வழியில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. அங்கெல்லாம் காற்றுக் குழாய் இருக்கிறது.

ஸ்டிக்கரில் எழுதும் எண் எவ்வளவு பெரியது என்று உலகம் ஒருமுறை பார்த்தது. அமெரிக்காவில், 2000-ல். ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர், உயரமான குடும்ப வண்டி. டயர் ஃபயர்ஸ்டோன். ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26. உயரமான வண்டி நிலையாகப் போகவும் பயணம் மெத்தென்று இருக்கவும் தாழ்வான எண். 26 என்று எழுதினால் கவனிக்காத வீட்டில் அது இருபதுக்கும் கீழே போகும். டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா. வெயில், நீண்ட சாலை, நிறைந்த வண்டி. டயரின் மேல்பட்டை உரிந்து கழன்றது. வண்டிகள் கவிழ்ந்தன.

ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் சாவு 270-க்கும் மேல். டயர் செய்ததில் குறை என்றது கார் நிறுவனம். வண்டியில் குறை, அழுத்தத்தில் குறை, 30 போட வேண்டும் என்றது டயர் நிறுவனம். ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேர்ந்து தொழில் செய்தவர்கள். அந்த உறவு 2001-ல் முறிந்தது. ஃபோர்டும் 30 என்று மாற்றி எழுதியது.

அதே 2000-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. காற்று குறைந்தால் காருக்குள் விளக்கு எரியும் கருவி அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் அங்கே எல்லாக் கார்களுக்கும் கட்டாயம் ஆனது. குதிரைலாட வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. இன்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கார்களிலும் அது எரிகிறது. "ஏதோ மஞ்சளா லைட் வருதுண்ணே" என்று கடைக்கு வருகிறார்கள். சிலர் எஞ்சின் என்று நினைத்து மெக்கானிக்கிடம் போய்விட்டு வருகிறார்கள்.

வெயில் சாய்கிறது. கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றின் பழைய கார். வீட்டுக்கல்யாணம், வெளியூர் போக வேண்டும். ஓட்டுநர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். பின்னிருக்கையில் ஆச்சி.

"பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு. சும்மா ஒரு பார்வை பாத்துருங்க."

பட்டன் அப்படியேதான் இருக்கிறது. தேய்மான அளவைக் காட்டும் திட்டுகள் பள்ளத்துக்குள் ஆழத்தில் கிடக்கின்றன. 1.6 மில்லிமீட்டர் உயரத் திட்டுகள்; பட்டன் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் சட்டப்படி முடிந்தது. இங்கே அதற்கு வெகுதூரம்.

கடைக்காரர் பக்கவாட்டில் தேடுகிறார். பையன் செல்போன் வெளிச்சம் அடிக்கிறான். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2314. இருபத்துமூன்றாவது வாரம், 2014-ஆம் ஆண்டு. நகத்தால் ரப்பரை அழுத்துகிறார். மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கின்றன. நகத்தை எடுத்ததும் மூடிக்கொள்கின்றன.

"ஓடவே இல்லையே. ஷெட்டுலதான நின்னுச்சு?"

"நின்னாலும் வயசு ஆகும்லங்க."

ஆறு ஆண்டு ஆனால் மாற்றிவிடச் சொல்லும் கார்க் கையேடுகள் உண்டு. எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ரப்பர் காற்றிலும் வெயிலிலும் இறுகிக்கொண்டே போகிறது, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

ஆச்சி கண்ணாடியை இறக்குகிறார். "எத்தன மாத்தணும்?"

"நாலும் ஆச்சி. ஸ்டெப்னியும் பாத்தா அஞ்சு."

ஆச்சி வெடிப்பைக் காட்டச் சொல்கிறார். கடைக்காரர் மறுபடி நகத்தை அழுத்துகிறார். ஆச்சி குனிந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு, "அஞ்சும் போடு" என்கிறார்.

நெடுஞ்சாலையில் பெல் ஆலையின் குழாய் ஏற்றிய டிரெய்லர் போகிறது. நீளம் முடிய நேரமாகிறது. பையன் உதடு அசைய டயர்களை எண்ணுகிறான். பாதியில் பேருந்து ஒன்று மறைக்கிறது.

அதன் பின்னாலேயே டாடா ஏஸ். வடகாட்டுப் பலாப்பழம், அடைசலாக. முக்கால் டன் வண்டியில் அதற்கு மேலேயே ஏறியிருக்கிறது. பின் டயர் பிதுங்குகிறது. ஓட்டுநர் இறங்காமலே குரல் கொடுக்கிறார். "பின்னால கிண்ணுன்னு அடிங்க மாமா." பையன் குழாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். இந்த வண்டியிலும் கதவோரம் ஸ்டிக்கர் இருந்திருக்கிறது. பசை ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ஆறு மணி. கடையின் ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. சாம்பல் நிறக் கார் ஒன்று மெல்ல வந்து நிற்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் டீச்சர். பின்னால் அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள், அக்காள் மகன். இராமேஸ்வரம் போகிறார்கள். டிக்கியில் தண்ணீர்க் கேன், புளியோதரைத் தூக்கு, மாற்றுத் துணிப் பைகள்.

டீச்சர் இறங்குகிறார். கதவைச் சாத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு தூணில் குனிகிறார்.

"முன்னால முப்பத்தி மூணு. பின்னால முப்பத்தி ஆறு வைங்கய்யா. இன்னைக்கு ஆள் நெறைய."

கடைக்காரர் கேஜை எடுத்தபடி கதவருகே வருகிறார். தானும் குனிந்து படிக்கிறார். பெரியவனை டீச்சர் கூப்பிடுகிறார். "இங்க வா. இந்த ஆள் படம் ரெண்டு இருந்தா ஒரு நம்பர். அஞ்சு இருந்தா இன்னொரு நம்பர்." அவன் எட்டிப் பார்க்கிறான். மூன்று தலைகள் தூணருகே.

முன் இரண்டும் 31. பின்னால் 30, 29. பையன் ஏற்றுகிறான். கடைக்காரர் ஒவ்வொன்றையும் மறுபடி அளக்கிறார். வால்வில் எச்சில் தொட்டு வைக்கிறார். குமிழி வரவில்லை. மூடியைத் திருகுகிறார்.

"ஸ்டெப்னியும் பாத்துருங்கய்யா."

தண்ணீர்க் கேன் இறங்குகிறது. தூக்கு இறங்குகிறது. பைகள் இறங்குகின்றன. பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி. ஓடும் நான்கும் பதினைந்து அங்குல அலாய். இது பதினான்கு அங்குல இரும்பு. கார் நிறுவனம் செலவிலும் எடையிலும் மிச்சம் பிடித்த இடம். ரிம்மில் மஞ்சள் ஸ்டிக்கர், 80 என்று. ட்யூப்லெஸ் டயரும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும், காற்று குறைந்தால் எரியும் விளக்கும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதி தளர்ந்துவிட்டது. இந்தக் காரில் ஸ்டெப்னி இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதது.

கேஜ் 11 காட்டுகிறது.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "பாம்பன் பாலத்துல இதத்தான் மாட்டியிருப்போம்" என்கிறார். பையன் காற்று ஏற்றுகிறான். கம்ப்ரசர் உறுமுகிறது. பலகை மூடுகிறது. பைகள், தூக்கு, கேன் பழைய வரிசையில் ஏறுகின்றன.

டீச்சர் பணம் கொடுக்கிறார். இருக்கையில் உட்கார்ந்து ஒருமுறை தூணைப் பார்க்கிறார்.

"ஊர்லேருந்து வந்ததும் பின்னால மூணு பாயிண்ட் எறக்கணும்லய்யா?"

"ஆமா டீச்சர். வந்த உடனே வராதீங்க. ராத்திரி நிக்கட்டும். மறுநா காலைல வாங்க."